நாங்கள் டென்வராக இருந்த நான்கு வாரங்கள்

பிப்ரவரி மாதம் முழுக்க, என் மனைவியை யாரும் பார்க்காதீர்கள் என்று நெப்ராஸ்காவின் மேற்கு மூலையில் எங்கள் மாவட்டமான ஆர்டெல்லா கவுண்டியில் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டேன். அது என் வேலை. அதற்குத்தான் ஆர்டெல்லா ஸ்டேட் பல்கலைக்கழகம் எனக்குச் சம்பளம் தருகிறது.

என் மனைவி நோரீன், பக்கத்து ஊரான கெர்ன்ஸ்வில்லின் ஆறாம் சேனலில் காலை ஐந்தரைக்கும் மாலை ஆறுக்கும் வானிலை சொல்கிறவள். பத்தொன்பது வருடமாகச் சொல்கிறாள். நான் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் செய்தித் தொடர்பாளன். எங்கள் நாரைகள் அணி நாற்பது புள்ளியில் தோற்ற மறுநாள் "கடுமையாகப் போராடியது" என்று எழுதுகிற கை என்னுடையது. என் அலுவலகம் கூடைப்பந்து அரங்கத்தின் இருக்கைப் படிகளுக்கு அடியில் இருக்கிறது. கூரை சரிந்து இறங்குவதால் பாதி அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. மேலே யாராவது உற்சாகமாகக் குதித்தால் என் காபியில் சுண்ணாம்பு விழும். எங்கள் அணியின் தயவில் அது அடிக்கடி நடப்பதில்லை.

போன கோடையில் டல்லாஸிலிருந்து எங்கள் துறைக்குப் புது இயக்குநர் வந்தார், கோர்டன் ஸ்லேட். முதல் வாரம் "கலாசார மாற்றம்" என்று ஒரு பலகை மாட்டச் சொன்னார். இரண்டாம் வாரம் பலகையை மாட்டியவரை வேலையை விட்டு எடுத்தார். எல்லோரையும் "சாம்ப்", அதாவது சாம்பியன், என்று கூப்பிடுவார். பெயர் நினைவு வைத்துக்கொள்ள நேரம் இல்லாத அளவுக்குப் பெரிய மனிதர்.

நாங்கள் அறுபது வருடமாகச் சமவெளிக் கூட்டணி என்கிற விளையாட்டுக் குழுவில் இருந்தோம். எட்டுக் கல்லூரிகள், எல்லாம் பஸ் போகிற தூரம். ஸ்லேட்டுக்கு அது கௌரவக் குறைவாக இருந்தது. கிராண்ட் நைன் கூட்டணியில் சேர வேண்டும் என்றார். கிராண்ட் நைனில் பதிமூன்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பதிமூன்றிலும் கணிதத் துறை இருக்கிறது. அட்லாண்டிக் கரையில் ஒன்று, பசிபிக் கரையில் மூன்று. அவர்களுடைய பெண்கள் கைப்பந்து அணி போன வருடம் வகுப்பறையில் இருந்ததைவிட அதிக நேரம் ஆகாயத்தில் இருந்தது. இப்போது பதினான்காவது உறுப்பினரைத் தேடுகிறார்கள் என்று பேச்சு. பொண்ணு பார்க்க வருவதற்குள் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, ஸ்லேட் ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினார். அவர்கள் மூன்று மாதம் ஆராய்ந்து தொண்ணூற்று நான்கு பக்க அறிக்கை கொடுத்தார்கள்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை ஸ்லேட் எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்தார். அறிக்கையை மார்போடு அணைத்திருந்தார்.

"சொல்லுங்க பார்ப்போம். நாம யாரு?"

நீச்சல் பயிற்சியாளர் தயங்கித் தயங்கி, "நாரைகள்?" என்றார்.

"இல்ல!" மேசையில் ஓங்கித் தட்டினார். "நாம டென்வர்!"

டென்வர் எங்களுக்கு நூற்றுத் தொண்ணூறு மைல். இடையில் ஒரு மாநில எல்லை வேறு.

அறிக்கையின் அறுபத்தோராம் பக்கத்தில் விஷயம் இருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் இந்த நாட்டை இருநூற்றுப் பத்து சந்தைகளாகக் கூறு போட்டிருக்கிறார்கள். ஒரு கவுண்டி எந்தச் சந்தையைச் சேர்ந்தது என்பதற்குத் தூரம் கணக்கில்லை. அங்கே உள்ளவர்கள் எந்த ஊர் சேனலை அதிகம் பார்க்கிறார்களோ, கவுண்டி அந்த ஊர்ச் சந்தையில் சேரும். ஐம்பதுகளில் யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் மேட்டில் ஒரு கோபுரத்தை நட்டு டென்வர் சேனல்களை இழுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து நாங்கள், எங்களுக்கே தெரியாமல், நாட்டின் பதினேழாவது பெரிய சந்தையில் குடியிருக்கிறோம்.

"ஆனா சார், டென்வர்ல நம்மள யாரும் பார்க்கிறதில்லையே?" என்று கேட்டுவிட்டேன்.

"பார்க்கணும்னு யார் சொன்னா சாம்ப்? பார்க்கக்கூடிய இடத்துல அவங்க இருந்தாப் போதும். பதினேழு லட்சம் வீடு!"

கிராண்ட் நைனுக்குச் சொந்தமாக ஒரு சேனல் இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் ஒரு சந்தையில் இருந்தால், அந்தச் சந்தையில் கேபிள் வைத்திருக்கிற வீடுகள் எல்லாம் மாதா மாதம் அந்தச் சேனலுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். ஆக, ஒரு கல்லூரியின் மதிப்பு அதைப் பார்க்காதவர்கள் எத்தனை பேர் என்பதில் இருக்கிறது. அந்த வகையில் எங்களுக்கு ஈடே கிடையாது என்று எனக்கும் புரிந்தது.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு முள் இருந்தது. மூன்று வருடமாக எங்கள் கவுண்டியில் கெர்ன்ஸ்வில் ஆறாம் சேனல் ஏறிக்கொண்டே வருகிறது. இப்போது நூற்றுக்கு நாற்பத்தொன்பது. வரும் பிப்ரவரியில் நான்கு வாரம் பார்வைக் கணக்கு எடுப்பார்கள். அதில் ஐம்பதைத் தாண்டினால் நாங்கள் டென்வர் இல்லை, கெர்ன்ஸ்வில். இருநூற்று மூன்றாவது சந்தை. ஏற்றத்துக்குக் காரணம் என்ன என்பதையும் ஆலோசகர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்: "உள்ளூர் வானிலை ஆளுமை ஒருவர்."

அறையில் இருந்த பதினொரு தலைகளும் என் பக்கம் திரும்பின.

கூட்டம் முடிந்ததும் ஸ்லேட் என் தோளில் கை போட்டார். "சாம்ப், உனக்கு ஒரு புதுப் பதவி யோசிச்சு வெச்சிருக்கேன். துணை இயக்குநர், சந்தை உறவுகள். ரெண்டாவது மாடி." குரலைத் தாழ்த்தினார். "ஜன்னல் இருக்கு."

நான் கேவலமான மனிதன் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் படிக்கட்டுக்கு அடியில் இருந்தவன்.

அன்று மாலை நோரீன் சில்லி என்கிற கறி-பீன்ஸ் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டு நிறைய சினமன் ரோல் என்கிற இனிப்புச் சுருள் ரொட்டி. நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று தெரிந்தது. அதைக் கெடுத்தேன்.

முழுக்கக் கேட்டுவிட்டுக் கரண்டியை வைத்தாள். "என் முதலாளி ஒமாஹாவுல இருந்து போன் பண்ணான். இந்தப் பிப்ரவரியில ஆர்டெல்லா கவுண்டி நம்ம கைக்கு வரலைன்னா, கெர்ன்ஸ்வில் ஸ்டுடியோவை மூடிடுவானாம். ஒமாஹாவுல ஒருத்தன் ஆறு ஊருக்கும் சேர்த்து வானிலை சொல்லுவானாம். அதை இன்னிக்கு உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"ஐயோ."

"இதுவரைக்கும் நான் ரெண்டாம் சேனலோட போட்டி போட்டேன், ஒன்பதாம் சேனலோட போட்டி போட்டேன். இப்ப என் புருஷனோட. அப்ப ஒரு ஜன்னலுக்காக என்னை வித்துட்ட."

"விக்கல நோரீன். நாலு வாரம் தள்ளி வெச்சிருக்கேன்."

"எத்தனை பேர்கிட்ட சொல்லப் போற?"

"கவுண்டில எல்லார்கிட்டயும்."

"நல்லது. எங்கம்மாகிட்டயும் நீயே போய்ச் சொல்லிடு."

அன்றிலிருந்து அவள் என்னிடம் வானிலை பேசுவதை நிறுத்திவிட்டாள். பத்தொன்பது வருடம் வீட்டிலேயே வானிலை கிடைத்துப் பழகியவன், மெல்லிய சட்டையோடு போய் வாரத்துக்கு இரண்டு நாள் நடுங்கினேன்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி பிரசாரம் தொடங்கியது. "டென்வரைப் பார், நாரை பறக்கும்" என்று ஊரின் ஒரே சிக்னல் கம்பத்தில் பதாகை. எந்தெந்த வீட்டில் பார்வைக் கணக்கு எடுக்கும் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரையும் கேட்க வேண்டியிருந்தது.

ஆர்வின் ஹோக்ஸ்ட்ரா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மாடு வளர்ப்பவர். என்னைத் தொழுவத்து வாசலிலேயே நிறுத்தினார்.

"நோரீனைப் பார்க்கக் கூடாதா? நீ மட்டும் தினம் பார்ப்ப, நாங்க பார்க்கக் கூடாது. அப்படித்தானே?"

"நாலு வாரம்தான் ஆர்வின். பல்கலைக்கழகத்துக்காக."

"பிப்ரவரி மாசம்யா இது. தலைச்சன் கன்னு போடப்போற கிடேரி நாப்பது நிக்குது. பனி எப்ப வரும்னு எனக்கு எவன் சொல்லுவான்?"

"சாட் சொல்லுவான்."

"எந்தச் சாட்?"

"டென்வர் சாட்."

"அட போய்யா. அவன் முழங்கைக்குப் பின்னாலதானே நாம இருக்கோம்!"

அது உண்மை. டென்வர் வானிலைக்காரர் சாட், வரைபடத்தின் வலது ஓரத்தில்தான் எப்போதும் நிற்பார். நெப்ராஸ்காவின் மேற்கு மூலை அவருடைய கோட்டுக்குப் பின்னால் போய்விடும். அவர் கை நீட்டி மலைப்பக்கம் காட்டும்போது மட்டும் முழங்கை இடுக்கில் ஒரு கணம் நாங்கள் தெரிவோம். கைபேசியிலும் வானிலை வரும்தான். ஆனால் கைபேசிக்கு ஹோக்ஸ்ட்ரா பாலம் எது என்று தெரியாது. நோரீனுக்குத் தெரியும். "பாலத்துக்கு மேற்கே நாலு மணிக்கு, கிழக்கே நாலரைக்கு" என்று சொல்லுவாள். ஆர்வின் அதை வைத்துத்தான் கிடேரிகளை உள்ளே ஓட்டுவார்.

இருந்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் கல்லூரிக்காக எதையும் செய்வார்கள். தோற்கிற அணிக்கு அறுபது வருடம் கைதட்டியவர்களுக்கு இதெல்லாம் ஒரு சிரமமா? இரண்டாவது வாரத்தில் மேவிஸ் கடைக்குக் காபி குடிக்கப் போனால் பேச்சே மாறியிருந்தது.

"டென்வர்ல ஐ-25 ஹைவேல ரெண்டு லேனை மூடிட்டானுங்க," என்றார் ஆர்வின். "முக்கால் மணி நேரம் லேட்டாம்."

"நீ எங்க கண்ணு போகணும்?" என்று மேவிஸ் கேட்டாள்.

"எங்கேயும் இல்ல. கேட்டதுல இருந்து மனசே சரியில்ல."

இரும்புக் கடைக்காரருக்கு டென்வர்ப் பள்ளி வாரியத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடக் கூடாது என்பது பற்றித் திடமான கருத்து இருந்தது. தபால்காரி, டென்வரில் ஒரு பல் மருத்துவர் முதல் முறை இலவசமாகப் பார்க்கிறாராம் என்று பெட்ரோல் செலவைக் கணக்குப் போட்டாள். மாணவர் விடுதி, சலவைக்கூடம், சவ அடக்க நிலையத்தின் வரவேற்பறை, எங்கும் டென்வர். வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் நாய்க்கு டென்வர் போட்டுவிட்டுப் போனார்கள். பன்றிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் கொட்டகைக்குள் டிவி மாட்டிவிட்டு, போக்குவரத்து நெரிசல் செய்தி வந்தால் பன்றிகள் அமைதியாகிவிடுவதாக என்னிடம் சொன்னார்.

மாறாதது ஒன்று இருந்தது. பனி எப்போது வரும் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். டிவியில்தானே பார்க்கக் கூடாது? விடிகாலை நாலரையிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நோரீன் அதற்குள் ஸ்டுடியோவுக்குக் கிளம்பியிருப்பாள். எடுப்பது நான்.

"லோவல், தப்பா எடுத்துக்காத. நாங்க டென்வர்தான் பார்க்கிறோம். ஆனா காத்து எந்தப் பக்கம்?"

முதல் நாள் "தெரியாது" என்று சொன்னேன். திட்டினார்கள். மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் நோரீன் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். மேலே "கூப்பிடுகிறவர்களுக்கு" என்று எழுதி, அடிக்கோடிட்டு, "உனக்கு இல்லை" என்று சேர்த்திருந்தாள். அன்றிலிருந்து தினம் முப்பது நாற்பது பேருக்கு, கால்சட்டை கூடப் போடாமல் நின்றுகொண்டு, வடமேற்குக் காற்றையும் பாலத்தின் மேற்குப் பக்கத்தையும் வாசித்தேன். என் மனைவியைப் பார்க்காதீர்கள் என்று பகலெல்லாம் சொல்லிவிட்டு, அவள் சொன்னதையே விடிகாலையில் ஒப்பித்தேன். இதைத்தான் ஸ்லேட் சந்தை உறவு என்றார் போலிருக்கிறது.

மூன்று வாரம் முடிந்தது. நாங்கள் முன்னால் இருப்பதாக ஆலோசகர்கள் சொன்னார்கள். நோரீன் வீட்டுக்கு அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்தாள். ஸ்டுடியோ மேசையைக் காலி செய்வதற்காம். பெட்டிகளை நான் நடக்கிற வழியில் வைத்தாள்.

கடைசி வாரத்தின் வியாழக்கிழமை கிராண்ட் நைன் கூட்டணியின் தலைவரான கமிஷனர் வருவதாக ஏற்பாடு. டாக்டர் வின்ஸ்டன் கெப்ஹார்ட். சொந்த விமானத்தில் வந்து, ஊரைப் பார்த்து, மதியம் மூன்று மணிக்குக் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துவிட்டுக் கிளம்புவார். நிரம்பிய அரங்கம் வேண்டும் என்று ஸ்லேட் எட்டுத் திசைக்கும் ஆள் அனுப்பினார்.

செவ்வாய் மாலை நோரீன் ஆறாம் சேனலில் சொன்னாள்: வியாழன் பகல் பன்னிரண்டுக்குப் பனிப்புயல். ஒன்றரைக்குள் பாலத்துக்கு மேற்கே சாலை தெரியாது. பதினெட்டு அங்குலம். அதே நேரம் டென்வரில் சாட், முழங்கையை எடுக்காமலே, "கிழக்கே ஆங்காங்கே லேசாத் தூறலாம்" என்று முடித்துக்கொண்டார்.

நான் ஸ்லேட்டிடம் போனேன். "சார், தேதியை மாத்தலாமா? பெரிய பனி வருதாம்."

"யார் சொன்னா?"

"ஆறாம் சேனல் சார்."

"சாம்ப், நம்ம சந்தையோட அதிகாரபூர்வ வானிலை டென்வர் வானிலை. கெர்ன்ஸ்வில் பேச்சைக் கேட்டு ஆட்டத்தை மாத்தினோம்னு வெச்சுக்க, நாம கெர்ன்ஸ்வில்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

வியாழன் காலை பத்தரைக்குக் கமிஷனர் இறங்கினார். பால் நிறத்தில் நீளக் கோட்டு, காகிதம் மாதிரி மெல்லிய தோல் காலணி. கூடவே டேப்லெட்டுடன் இரண்டு உதவியாளர்கள். ஸ்லேட் அவர்கள் மூவருடைய கைபேசியையும் எங்கள் பல்கலைக்கழக அவசரச் செய்தி வலையில் சேர்த்துவிட்டார், தொழில்நுட்பம் எப்படி என்று காட்டுவதற்காக. பிறகு மேவிஸ் கடைக்கு அழைத்துப் போனார்.

"இங்க டென்வரோட உறவு எந்த அளவுக்கு ஆழம்?" என்று கமிஷனர் மேவிஸைக் கேட்டார்.

"முப்பது வருஷமா டென்வர் ஆம்லெட் போடுறேன் கண்ணு. ஹாம், குடைமிளகாய் எல்லாம் போட்டு. சாப்பிடுறீங்களா?"

ஓர் உதவியாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஆம்லெட் பாதியில் இருக்கும்போது பன்னிரண்டு அடித்தது. முதல் பனி விழுந்தது. "லேசான தூறல்," என்றார் ஸ்லேட். பன்னிரண்டரைக்கு எதிரே இருந்த வங்கியைக் காணோம். பன்னிரண்டே முக்காலுக்குச் சிக்னல் கம்பத்தையும் அதில் இருந்த பதாகையையும் காணோம். எப்படியோ ஊர்ந்து அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நாலாயிரம் இருக்கைகள். உள்ளே இருந்தது பாண்டு வாத்தியக்காரர்கள் ஒன்பது பேரும், நாரை வேஷம் போட்ட ஒருவரும்.

ஸ்லேட் என்னை ஓரமாக இழுத்தார். "அவசரச் செய்தி அனுப்பு. இப்பவே. ஆட்டம் நிச்சயம் உண்டு, எல்லாரும் கிளம்பி வாங்கன்னு போடு. ரெண்டரைக்குள்ள இந்த இடம் ரொம்பணும்."

"சார், மேற்கேயிருந்து வர்றவங்க பாலத்தைத் தாண்டணும்."

"கமிஷனர் காலி அரங்கத்தைப் பார்த்துட்டா எல்லாம் போச்சு. உன் ஜன்னலும் போச்சு."

படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். அவசரச் செய்திக்கான கடவுச்சொல் எனக்குத்தான் தெரியும். பதினோராயிரம் கைபேசிகள். எங்கள் ஊர் ஆட்களை எனக்குத் தெரியும். வா என்று கல்லூரி கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். மேசை மேல் இருந்த சின்ன டிவியில் டென்வர் ஓடியது. சாட் வெயிலைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான்கு வாரத்தில் முதல் முறையாக ஆறாம் சேனலுக்கு மாற்றினேன்.

நோரீன் கோட்டுக் கையை மடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். வரைபடத்தில் எங்களை மறைக்காமல் இடது பக்கம்.

"ஆட்டத்துக்குக் கிளம்பலாமான்னு நிறையப் பேர் கேக்குறீங்க," என்றாள். "ரோடு எப்படி இருக்குன்னு நான் சொல்லலாம். ஆட்டம் உண்டா இல்லையான்னு பல்கலைக்கழகம்தான் சொல்லணும். அங்க எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வேலை பார்க்கிறார். அவர் சொல்லுவார்."

பிறகு கேமராவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தொலைக்காட்சியில் நான்கு வினாடி மௌனம் என்பது எவ்வளவு நீளம் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

தட்டினேன்: "ஆட்டம் ரத்து. யாரும் வண்டியை எடுக்காதீங்க. ரோடு எப்ப திறக்கும்னு ஆறாம் சேனல் சொல்லும், அதைப் பாருங்க."

கடைசி வாக்கியம் தேவையே இல்லைதான். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் பொய் கலக்காமல் நான் எழுதிய முதல் செய்தி அது. கை நிற்கவில்லை.

மேலே போனபோது ஸ்லேட் தன் கைபேசியைக் கையில் பிடித்தபடி, வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் கமிஷனரின் கைபேசியும் அதையே காட்டியது.

"ஆறாம் சேனல்னா எது?" என்றார் கமிஷனர்.

"அது... பக்கத்துச் சந்தை சார்."

"நம்ம தலைமேல விழுற பனி பக்கத்துச் சந்தைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஸ்லேட் கைபேசியைப் பைக்குள் திணித்தார். கமிஷனர் ஈரமாகிப்போன தோல் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "என் விமானம் எப்ப கிளம்பும்னு எனக்குத் தெரியணும். அந்தச் சேனலைப் போடச் சொல்லுங்க."

அரங்கத்தின் நடுவில் தொங்கும் பெரிய திரையில், இருபத்தைந்து அடி அகலத்தில், என் மனைவி வந்தாள்.

புயல் முப்பத்தோரு மணி நேரம் நின்றாடியது. அவ்வளவு நேரமும் நோரீன் திரையை விட்டு இறங்கவில்லை. நடுவில் இரண்டு மூன்று முறை நாற்காலியில் கண்ணயர்ந்தாள். அப்போதும் கேமராவை அணைக்காமல் விட்டிருந்தார்கள். கமிஷனரும் உதவியாளர்களும் மல்யுத்தப் பாய்களை விரித்து, நாரைச் சின்னம் போட்ட துண்டுகளைப் போர்த்திக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி கிடந்தார்கள். ஆர்வின் தொழுவத்திலிருந்து நேரலையில் பேசினார். ஒரு கிடேரிக்குக் கன்று கால் முன்னால் வராமல் மாட்டிக்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிக்கியிருந்தார். நோரீன் இருவரையும் பேச வைத்துவிட்டு, நடுநடுவே காற்றின் வேகத்தையும் சொன்னாள்.

"அந்தக் கிடேரி என்னாச்சு?" என்று கமிஷனர் கால் மணிக்கு ஒரு தரம் கேட்டார். "யோவ், விளம்பரம் போடாதீங்கய்யா! கிடேரியைக் காட்டுங்க!"

கன்று உயிரோடு வந்ததும் எழுந்து நின்று கைதட்டினார். அந்த அரங்கத்தில் அந்த வருடம் யாரும் எழுந்து நின்று கைதட்டியது அது ஒன்றுதான்.

வெள்ளி இரவு ஓடுபாதையைச் சுத்தம் செய்தார்கள். விமானத்தில் ஏறும் முன் கமிஷனர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க மனைவியா? பிரமாதம். என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு ஒளிபரப்பு பார்த்ததில்ல. எங்க கூட்டணியில இப்படி ஆள் இருக்கணும்." பிறகு உதவியாளர் பக்கம் திரும்பினார். "கெர்ன்ஸ்வில்ல எத்தனை வீடு?"

"இருபத்தோராயிரம் சார்."

"பாவம்," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

நோரீன் வீட்டுக்கு வந்து பதினான்கு மணி நேரம் தூங்கினாள். எழுந்ததும் என்னைப் பார்த்து, "வெளிய போனா தடிச்ச கோட்டைப் போட்டுக்க, ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போகும்," என்றாள். ஜனவரியில் சண்டை வந்ததிலிருந்து அவள் எனக்கென்று சொன்ன முதல் வானிலை. நான் எங்கேயும் போவதாக இல்லை. இருந்தாலும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

மார்ச் கடைசியில் கணக்கு வந்தது. ஆறாம் சேனல் எழுபத்தெட்டு, டென்வர் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு. முதல் மூன்று வாரத்தில் சேர்த்ததையெல்லாம் முப்பத்தோரு மணி நேரம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒமாஹா முதலாளி நோரீனுக்கு மூன்று வருட ஒப்பந்தம் அனுப்பினார். அட்டைப் பெட்டிகளில் வெங்காயம் போட்டு வைத்தோம்.

கிராண்ட் நைன் எங்களை விட்டுவிட்டு ஃபீனிக்ஸ் விமான நிலையத்திலிருந்து பதினோரு மைலில் உள்ள ஒரு கல்லூரியைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கல்லூரிக்குக் கால்பந்து அணி கிடையாது. தொடங்கும் எண்ணம் இருப்பதாகத் தெரிவித்திருக்கிறார்கள். கிராண்ட் நைனில் இப்போது பதினான்கு பேர்.

ஸ்லேட் என்னைக் கூப்பிட்டு இரண்டு அறிக்கை எழுதச் சொன்னார். ஒன்று, ஆர்டெல்லா ஸ்டேட் ஆழ்ந்த பரிசீலனைக்குப் பிறகு தன் வேர்களைத் தேர்ந்தெடுத்தது என்பது. அதை அரை மணியில் முடித்துக் கொடுத்தேன். இன்னொன்று, நான் சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன் என்பது.

"இதுக்குக் கொஞ்சம் நாள் ஆகும் சார்," என்றேன். "வார்த்தைகளைப் பார்த்துப் போடணும்."

முதல் வரைவில் ஒரு வாரம், திருத்தத்தில் ஒரு வாரம் போனது. மூன்றாவது வாரம் ஸ்லேட்டுக்கு அந்த ஃபீனிக்ஸ் கல்லூரியில் வேலை கிடைத்தது. "தொலைநோக்குள்ள தலைவர்" என்று அவருக்கும் நானே எழுதினேன். படிக்கட்டுக்கு அடியில்தான் உட்கார்ந்து எழுதினேன்.

எங்கள் கவுண்டி வந்து சேர்ந்ததால் கெர்ன்ஸ்வில் சந்தை இருநூற்று மூன்றிலிருந்து இருநூற்று ஒன்றுக்கு ஏறிவிட்டது. கெர்ன்ஸ்வில் மேயருக்குத் தலைகால் புரியவில்லை. "நாங்கள் இருநூற்று ஒன்று!" என்று தெருவை அடைத்துப் பதாகை கட்டினார். மே மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வெற்றி ஊர்வலம் என்று அறிவித்தார். முன் வண்டியில் நோரீன் உட்கார்ந்து கையசைக்க வேண்டும். நாங்கள் விட்டுப் போகாத மகிழ்ச்சியில் சமவெளிக் கூட்டணிக் கல்லூரிகளின் எட்டு இயக்குநர்களும் பின்னால் கோட்டு சூட்டோடு நடந்து வருவார்கள்.

வியாழன் மாலை நோரீன் வானிலையில் சொன்னாள்: சனிக்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்குக் கெர்ன்ஸ்வில் கடைத்தெருவில் ஆலங்கட்டி மழை, கோலிக்குண்டு அளவில்.

வெள்ளிக்கிழமை காலை மேயர் ஊர்வலத்தைப் பதினோரு மணிக்கு மாற்றினார்.